பாய் நிறைந்தால் பிரிய வேண்டும்

செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அந்த ஒற்றை அறையில் இரண்டு கோரைப் பாய்கள் விரித்திருக்கும். ஓரம் நைந்து, சிவப்புச் சாயம் வெளுத்துப்போன பாய்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் பாடினோம், ஜெபித்தோம். எங்களுக்கென்று கோபுரமோ மணியோ கிடையாது, வீடுதான் சபை. அதை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவர், தனி ஆள். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. இரண்டு பாயும் நிறைந்து, யாராவது வெறுந்தரையில் உட்கார நேர்ந்தால் சபையை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பாதிப் பேர் வேறு தெருவில் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். போனவர்கள் ஆறு மாதத்துக்குப் பழைய வீட்டில் தலைகாட்டக் கூடாது. வந்தால் புது வீடு வேர் பிடிக்காது என்பார்.

வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கியபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த டைப்பிஸ்ட் நான். ஊரில் ஒரு முகம் தெரியாது. பௌர்ணமிக்கு ஜனமெல்லாம் கூட்டம் கூட்டமாக மலையைச் சுற்ற, வாடகை அறையின் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். பேச ஆள் இல்லாமல் நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும் போலிருக்கும். அந்த நேரத்தில் அக்காவின் பாயில் இடம் கிடைத்தது. எட்டே மாதம். ஒரு வெள்ளிக்கிழமை, பிரிந்து போகிறவர்களின் பெயரை அக்கா வாசித்தபோது மூன்றாவதாக என் பெயர் வந்தது.

"ஆபீஸ்லதான் டிரான்ஸ்பர்னா இங்கயுமாக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை பிரிக்கப்பட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் புது முகங்கள். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், எந்தப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்றெல்லாம் ஒரு வருடம் உட்கார்ந்து தெரிந்துகொள்வேன். அவர்களுக்காக அழுது ஜெபிக்கப் பழகிய நேரத்தில் பாய் நிறைந்துவிடும். சபை பெருகுகிறது என்று மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். இதைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று ஊரில் எத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியாது. வேங்கிக்காலில் புது மனைகள் எழ எழ அங்கேயும் வீட்டுச் சபைகள். இப்போதும் போகிறேன், பின்னால் நாற்காலியில் உட்காருகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் பேர் கேட்பதற்குள்ளாகவே அலுப்புத் தட்டிவிடுகிறது.

அக்காவுக்கு வலிக்கவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டே விட்டேன். "எனக்கு மட்டும் கல்லாடி நெஞ்சு? பிரிச்சு அனுப்புன அன்னிக்குச் சோறு எறங்காது எனக்கு. ஆனா எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்துட்டு இருந்தா உன்னை மாதிரி தனியா வர்றவ எங்க உக்காருவா, சொல்லு?" என்றார். நியாயமாகவும் பட்டது. கோபமும் போகவில்லை.

ஒன்பது வீடுகள் ஆனபோது அக்காவின் அறையில் கூட்டம் நடப்பது நின்றுபோயிருந்தது. வாரம் ஒரு வீடு என்று சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் படுத்தார். எங்கள் வீட்டுச் சபையில் செய்தி சொன்னார்கள், உருகி ஜெபித்தோம். செங்கம் ரோட்டிலேயே கூடும் வீட்டார் பக்கத்தில்தானே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். அவர்களோ, பழைய ஆட்களான நாங்கள் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒன்பது வீட்டிலும் அவருக்காக ஜெபம் நடந்தது. ஒன்பது வீட்டிலிருந்தும் ஒருவர்கூடப் போகவில்லை.

பதினோராம் நாள், ஆபீஸ் விட்டு வரும் வழியில் மனசு கேட்காமல் நான் போனேன். எதிர் போர்ஷனில் இருந்த அம்மா, நெற்றி நிறைய விபூதியோடு, அக்காவின் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்ளோ ஆளுங்க இருக்கீங்கன்னு சொல்லுவாங்களே, ஒருத்தரையும் காணலியே? தனியா விட்டுட்டுப் போக மனசு வரல, இந்தப் பௌர்ணமிக்கு நான் மலை சுத்தக்கூடப் போகல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே அக்கா கட்டிலில் சுருண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்ல? வேற யாராவது வராங்களா?"

"வராங்கக்கா. வழியில இருக்காங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

"சரி, அவங்க வந்ததும் ஆரம்பிக்கலாம்."

காத்திருந்தோம். சந்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா வாசலைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். எதிர் போர்ஷன் அம்மா கஞ்சி டம்ளரோடு வந்து, அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்து, ஆற்றி ஆற்றிப் புகட்டினார். பிறகு புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அதான் வந்துட்டாங்களே. நீ ஆரம்பி."