"ஆகாது" என்பதற்கு இங்கே சொல் இல்லை

நோர்வேயில் நான் வாழும் சின்னத் துறைமுக நகரத்தில் பெண்கள் கூட்டங்களில் இருந்தபடி பின்னல் பின்னுகிறார்கள். வந்த புதிதில், புதிதாகக் குடியேறியவர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் இருந்த அதிகாரி அம்மா ஒருவர் பையிலிருந்து கம்பளி நூற்பந்தை எடுத்து, பேச்சாளரின் முகத்துக்கு நேரே காலுறை பின்னத் தொடங்கினார். எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரான முரசுமோட்டையில், வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் எவராவது இப்படிச் செய்திருந்தால் என் அப்பா அந்த இடத்திலேயே கேட்டிருப்பார்: "என்ன, எங்கட கதை கேக்க அலுப்பாக் கிடக்கோ?" கடைசியில் கேள்விகள் உண்டா என்று கேட்டபோது அந்த அம்மாதான் முந்திக்கொண்டார். இரண்டு கையிலும் ஊசி இருந்ததால் முகத்தை நிமிர்த்தி நாடியை மட்டும் உயர்த்தினார். பேச்சாளர் பிழையாகச் சொன்ன விதி ஒன்றைத் திருத்திவிட்டுத் திரும்பவும் குனிந்தார். அதற்குள் காலுறையின் குதி வளைந்து முடிந்திருந்தது.

இதை விசித்திரம் என்று எழுதுகிறேனே தவிர குறையாக அல்ல. எனக்கும் இங்கே ஊசியும் நூலும்தான் சோறு போடுகின்றன. ஊரில் ஆடைத் தொழில்நுட்பம் படித்து, கிளிநொச்சிப் பக்கம் ஒரு கார்மென்ற்ஸில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் என் கண் இன்றைக்கும் அதே ஒழுங்கில்தான் போகும்: கழுத்து, தோள், கை பொருத்திய இடம், பக்கத் தையல், கீழ் மடிப்பு, தொங்கும் நூல். வற்றாப்பளையைச் சேர்ந்த கஜனைக் கலியாணம் கட்டி இங்கே வந்த பிறகு, படகுகளுக்கு மூடுதுணி தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் அந்தத் தடித்த நீலத் துணியை விரித்தபோது அதன் மணமே எனக்கு ஆளைச் சொல்லிவிட்டது. தறப்பாள். போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் குடும்பம் அதன் கீழேதான் சமைத்தது, படித்தது, காய்ச்சலில் கிடந்தது. இங்கே குளிர்காலம் முழுவதும் படகுகள் அதன் கீழே பத்திரமாகத் தூங்குகின்றன. மத்தியானம் முதலாளியும் எங்களோடு அதே மேசையில் இருந்து பாண் சாப்பிடுகிறார். மனதுக்குள் நன்றி சொல்லாமல் நான் மெஷினை நிறுத்திய நாள் குறைவு.

மொழி பழகலாம் என்றுதான் நூலகத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் பின்னல் மேசைக்குப் போனேன். அங்கேதான் ஊன்னியைத் தெரிய வந்தது. அவர் ஒரு துணிக் கலைஞர், அறுபதை நெருங்கிய பெண். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். எழுத்திலாவது "அவர்" என்று எழுதி என் மனதை ஆற்றிக்கொள்கிறேன். கிழிந்த மீன்வலை, துருக்கறை ஏறிய பாய்த்துணி, செத்த வீடொன்றில் எஞ்சிய மேசைவிரிப்பு, செப்புக் கம்பி, பாதியில் நின்றுபோன ஸ்வெட்டரின் ஒரு கை என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று தைத்துச் சுவரளவுக்குத் தொங்கவிடுவார். முதல் முறை ஒன்றைக் காட்டி அபிப்பிராயம் கேட்டபோது, தெரிந்த சொற்களை வைத்து உண்மையைச் சொன்னேன். விளிம்பு மடிக்கவில்லை. நூல் தொங்குகிறது. தையல் ஒரே அளவில் இல்லை. ஊன்னி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒரு வருசம் கஷ்டப்பட்டு அப்படிக் கொண்டுவந்தேன். நீ ஒருத்திதான் எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கிறாய்."

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே வருகிறவர் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் இரண்டு பொருட்கள் தயாராகும். ஒன்று லப்பெதெப்பெ, ஆளுக்கொரு துணிச் சதுரம் தைத்து, எல்லாவற்றையும் பொருத்திச் செய்யும் போர்வை. மற்றது ஹெந்தெசெத். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும் அந்த ஒரு பயணத்துக்காகவே கையால் பின்னும் கம்பளி உடுப்பு. பிள்ளைக்கு முன்னமே உடுப்பு பிறந்துவிட வேண்டும். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக நானும் சதுரங்கள் தைத்திருக்கிறேன். என்னுடைய முறையும் வரும் என்பதை மட்டும் ஏனோ யோசிக்கவில்லை.

எனக்கு ஏழாவது மாதம் நடந்தபோது ஒரு வியாழன் ஊன்னி பொதி ஒன்றை மேசையில் வைத்து அவிழ்த்தார். பால் வெள்ளைக் கம்பளியில் சட்டை, காற்சட்டை, தொப்பி, கட்டை விரலளவு காலுறைகள். என் கண் தன் ஒழுங்கில் ஓடி ஒரு குறையும் காணாமல் திரும்பியது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

வாசிக்கிறவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் ஒன்றும் வாங்கி வைப்பதில்லை. பிறந்த பிறகும் முதலில் உடம்பில் படுவது புதுத்துணி அல்ல. அம்மாவின் நைந்த நூற்சீலை, அப்பாவின் பழைய வேட்டி, வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த சட்டை. பிறந்த முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகுதான் புதுசு. படித்த பெண்ணான எனக்கு இதிலெல்லாம் பிடிப்பு இருக்கவில்லை. அதனால் முதல் முறை கர்ப்பமாக இருந்தபோது தொட்டில், மெத்தை, உடுப்பு என்று எல்லாவற்றையும் நேரத்தோடு வாங்கி அடுக்கினேன். அந்தப் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இல்லாமல் போனது. நான் ஆஸ்பத்திரியால் வருவதற்கு முன் கஜன் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். அம்மா தொலைபேசியில் "அப்பவே சொன்னனான்" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமைக்கு நான் அவவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இந்த முறை ஒரு காலுறைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று இருந்தேன். தொழில்நுட்பம் படித்தவளுக்கு அது மூடநம்பிக்கை என்று தெரியும். இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று பயந்த தாய்க்கு அந்த அறிவால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

மேசையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆகாது" என்று சொல்ல வேண்டும். அது பாவம் என்பதல்ல, அசுத்தம் என்பதல்ல, கூடாது என்றுகூட இல்லை. ஆகாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் தேடி, கிட்ட வந்த ஒன்றை எடுத்தேன். "இக்கெ லோவ்." நீச்சல் குளத்தில் "ஓடக்கூடாது" என்று எழுதியிருப்பார்களே, அந்தச் சொல். அனுமதி இல்லை என்று அர்த்தம்.

"யார் அனுமதிக்கவில்லை?" என்று மேசையில் இருந்த தூரில் என்ற பெண் கேட்டார். பிள்ளைப் பராமரிப்புத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வீட்டில்" என்றேன். நான் சொன்ன வீடு முரசுமோட்டையில் இருந்தது. அவர்கள் கேட்ட வீடு நூலகத்துக்குப் பின்னால் உள்ள மாடிக் குடியிருப்பில், கஜனோடு நான் இருக்கிற வீடு. ஊன்னி பொதியை மெதுவாகத் திரும்பக் கட்டினார்.

இரண்டு நாள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவரும் ஒருவர் வீட்டுக்குப் போகாத இந்த நாட்டில், தூரில் எங்கள் கதவைத் தட்டினார். கையில் கறுவா பணிஸ். கஜன் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவர், பிழியும் உரலோடு வந்து வணக்கம் சொன்னார். தூரில் அந்த உரலையும் அவர் கைகளையும் நன்றாகப் பார்த்தார். பிறகு என்னோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று அறைக் கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீட்டில் உனக்குப் பயம் ஏதும் இருக்கிறதா? பிள்ளைக்கு வேண்டியதை வாங்க உன்னை விடுகிறாரா?"

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தேன். சிரிப்பை நிறுத்தப் போனால் அது அழுகையாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல் பிள்ளையைப் பற்றி இந்த ஊரில் ஒருவருக்குச் சொன்னேன். தூரில் பக்கத்தில் வந்து இருந்து, என் முதுகில் கையை வைத்திருந்தார்.

அவர் போன பிறகு கஜன் கேட்டார். "அவா என்னை ஒரு மாதிரிப் பாத்தவா. என்னப்பா விசயம்?"

"நீங்கள் என்னை அடக்கி வைச்சிருக்கிறியளோ எண்டு பாக்க வந்தவா."

"ஆர், நானோ? உம்மையோ?" அவர் உரலைக் கீழே வைத்தார். "அதை அவாட்டை ஒரு துண்டில எழுதி வாங்கும். வற்றாப்பளைக்குக் கொண்டுபோய்க் காட்டினா எனக்கு ஒரு மதிப்பு வரும்."

அடுத்த வியாழன் தூரிலின் துணையோடு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஊன்னி மட்டும் தொழில் தெரிந்தவரின் கேள்வி ஒன்று கேட்டார். "பழசு என்றால் எவ்வளவு பழசு?" பிறகு ஒரு கிழமை அவரைக் காணவில்லை. வந்தபோது பையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளி நூற்கற்றை ஒன்றை எடுத்தார். அவருடைய மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட ஸ்வெட்டரை உருவி எடுத்த நூல். இத்தனை வருசம் கண்ணிகளுக்குள் மடங்கிக் கிடந்ததால் முழுவதும் சுருள் சுருளாக நின்றது. இந்த நூலைத் திரும்பப் பின்னினால் அது புதுசா, பழசா? மேசையில் வைத்தே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

"அது என்ன பிள்ளை, நூடில்ஸோ?"

"நூல் அம்மா. இவாவின்ர மகன் சின்னனில போட்ட சட்டை. உருவி எடுத்திருக்கிறா. இதால பின்னினா ஆகுமோ?"

அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தா. "அந்தப் பிள்ளை இருக்குதோ?"

"ஓம் அம்மா. இப்ப பெரிய ஆள். கப்பல்ல வேலை."

"சுகமா இருக்குதோ?"

மொழிபெயர்த்தேன். "சுகம்தான். அம்மாவுக்குப் போன் எடுக்க மட்டும் கைக்குப் பலம் இல்லை" என்றார் ஊன்னி. அதையும் மொழிபெயர்த்தேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "அப்ப அங்கயும் பொடியங்கள் உப்பிடித்தானோ! அது பழசுதான் பிள்ளை. ஒரு பிள்ளை வளந்து கழிச்ச நூல். பின்னச் சொல்லு. ஆனா அவா வீட்டிலேயே வைச்சிருக்கட்டும். பிறந்தாப் பிறகு கொண்டரட்டும்."

அந்தப் பிள்ளை இருக்குதோ என்று அம்மா ஏன் கேட்டா என்பது எனக்குத் தெரியும். என் தம்பி பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம், இடம்பெயர்ந்து போன வழியில், தறப்பாளுக்குக் கீழே. அவனைச் சுற்ற எங்களிடம் காய்ந்த துணி இருக்கவில்லை. அடுத்த தறப்பாளிலிருந்து ஒரு பெண் வந்து, தன் சீலையில் பாதியைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினா. "என்ர மூண்டும் இதில வளந்ததுகள். பிடியுங்கோ." அடுத்த நாளே எல்லோரும் எழும்பி வேறு வேறு திசையில் நடந்தோம். அவவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தம்பி இப்போது கதவு நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறான். புதுத்துணிக்கு இன்னும் ஒரு கதையும் இல்லை. பழைய துணிக்குள் ஒரு பிள்ளை பிழைத்திருக்கிறது. வழக்கத்தின் நியாயம் இதுதானா என்று தெரியாது. அம்மாவின் நியாயம் இதுதான்.

ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். மூச்சு எடுத்து வீரிட்டு அழுதாள். அதற்கு மேல் எனக்கு வேறொன்றும் தேவையிருக்கவில்லை. ஆஸ்பத்திரியால் புறப்படும் நாள் ஊன்னி உடுப்போடு வந்தார். உருவிய நூலை நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். அதை அவர் செய்யவில்லை. "நேராக்கினால் புதுசு மாதிரி ஆகிவிடும். உன் அம்மா ஏமாந்துவிடக் கூடாது" என்றார். கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அலைந்திருந்தன. கார்மென்ற்ஸில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பியிருப்பேன். அதைப் போட்டுக்கொண்டுதான் என் மகள் வீட்டுக்கு வந்தாள். முதலில் பின்னிய வெள்ளை உடுப்பு, மேசைக்கு வருகிற வேறொருவர் வீட்டில் அடுத்ததாகப் பிறந்த பிள்ளைக்குப் போனது. லப்பெதெப்பெவையும் பழைய துணியிலேயே தைத்தார்கள். தூரிலின் தாதிச் சட்டை, யாரோ ஒருவரின் தாயின் ஏப்ரன், கஜன் வீட்டில் உடுத்த சாரம். அம்மா தபாலில் அனுப்பிய நூற்சீலைகள் மூன்றில் ஒன்றை நடுச் சதுரத்துக்கு வெட்டக் கொடுத்தேன். மற்ற இரண்டும் மகளைச் சுற்ற.

முரசுமோட்டையில் அக்காவும் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மகளுக்கு அந்தக் கம்பளிச் சட்டை சின்னதாகிவிட்டது என்று சொன்னதும் அம்மா அவசரப்பட்டா. "ஒருத்தருக்கும் குடுத்திடாதை. பத்திரமா வை. அக்காவுக்குப் பிறந்தாப் பிறகு அனுப்பு."

"அம்மா, அந்த வெக்கைக்குள்ள கம்பளியோ?"

"ஒரு நிமிசம் போட்டுக் கழட்டுறதுக்கு என்ன வெக்கை? ரெண்டு பிள்ளையள் வளந்த சட்டையெல்லோ."

ஊன்னியிடம் கேட்டேன். தாராளமாக என்றார். மாசியில் அக்காவுக்கு மகன் பிறந்தான். ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் உடுப்பு போய்ச் சேர்ந்தது. பங்குனியில் ஒரு காலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. சுற்றி நிற்பவர்கள் வியர்த்து வழிகிறார்கள். நடுவில், வடகடல் குளிருக்குப் பின்னிய சட்டையும் தொப்பியுமாக அக்காவின் மகன், என் பெறாமகன், யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள் என்ற முகத்தோடு கிடக்கிறான். நானும் பதிலுக்கு ஒரு படம் எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் என் மகள், அம்மா வன்னி வெயிலில் துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒற்றை நூற்சீலைத் துண்டுக்குள், கால்களை வெளியே உதைத்துக்கொண்டு நித்திரையாக இருந்தாள்.