குழந்தைக்கென்று வைத்த நாலு குப்பி

கத்திப்பாராவில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் தாம்பரத்தை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையுறை தீர்ந்துபோகும், போட்டதையே கழுவி, பவுடர் தடவி, ஜன்னல் கம்பியில் காயவைப்போம். பிளாஸ்திரியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுவோம். இதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பாம்புக்கடி மருந்து குறைந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது அந்தப் பக்கமெல்லாம் புதரை வெட்டி மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்த வாரங்களில் கடிபட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். மருந்து கேட்டு எழுதி அனுப்பினால் "வரும்" என்ற பதில்தான் வரும்.

ஒருநாள் காலை ஃபிரிட்ஜில் பத்துக் குப்பி மிச்சம் இருந்தது. வார்டுக்குப் பொறுப்பாக இருந்த சீனியர் சிஸ்டர் அதில் நாலை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, அடித்தட்டில் வைத்தார்.

"இது குழந்தைக்கு. குழந்தை வந்தா மட்டும்தான் எடுக்கணும். டாக்டர் கேட்டாலும் ஆறுன்னே சொல்லு."

நான் சேர்வதற்கு முந்தின வருடம், ஃபிரிட்ஜ் காலியாக இருந்த ஒருநாள், மூன்று வயதுக் குழந்தை ஒன்று அவர் கையிலேயே இறந்திருக்கிறது. அதன் அம்மா அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம். ஒரே ஒருமுறைதான் அதை என்னிடம் சொன்னார்.

நாலைந்து நாள் கடிபட்டு யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் முற்பகலில், ஒருவர் தன் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவளுக்கு முப்பது வயதிருக்கும். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மனை போடும் இடத்தில் இருவரும் புதர் வெட்டியிருக்கிறார்கள்.

"முள்ளு குத்திச்சின்னு நெனச்சிகினு வேலைய பாத்துகினு இருந்தா சிஸ்டர். அப்பால பாத்தா காலு இப்டி வீங்கிகினு கீது."

டாக்டர் அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார். இருபது நிமிடத்தில் அது உறைய வேண்டும். சாய்த்துப் பார்த்தபோது தண்ணீராக ஓடியது. விரியன் விஷம்.

"எவ்வளவு இருக்கு?" என்று என்னிடம்தான் கேட்டார்.

"ஆறு சார்," என்றேன்.

ஆறையும் ஏற்றினோம். மதியம் தாண்டியும் ஈறில் ரத்தக்கசிவு நிற்கவில்லை. "இன்னும் நாலு குப்பியாவது வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்," என்றார் டாக்டர்.

நான் சிஸ்டரை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். "அக்கா, அந்த நாலையும் குடுத்துடலாமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ போய்ச் சேந்துடுவா. அங்க மருந்து இருக்கும். நாளைக்கு ஒரு குழந்தை வந்தா என்ன பண்ணுவே? அது பல்லாவரம்கூடத் தாண்டாது."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

வழியில் அவள் நினைவோடுதான் இருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். "புள்ள நாலு மணிக்கு ஸ்கூலு வுட்டு வந்துடும். வூடு பூட்டிக் கீது." கத்திப்பாராவில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி அரை மணி நேரம் நகரவில்லை. டிரைவர் சைரனை அணைத்துவிட்டார். அடித்தும் பயனில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலும் தட்டுப்பாடுதான். எழுதி, கையெழுத்து வாங்கி, முதல் குப்பி ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிட்டாள். டாக்டர் போனில் கேட்டு எங்களிடம் சொன்னார். சிஸ்டர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

பதினோரு நாள் கழித்து இரும்புலியூரிலிருந்து ஐந்து வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சுவரோரம் கிடந்த செருப்பை எடுக்கப் போனபோது கடித்திருக்கிறது. முந்தின நாள்தான் ஆறு குப்பி வந்திருந்தது. சிஸ்டர் குனிந்து அடித்தட்டிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். டாக்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மருந்தைக் கலக்கச் சொன்னார். பத்தும் ஏறிய பிறகு, சாயங்காலம் குழாயில் ரத்தம் உறைந்தது. நாலாம் நாள் அந்தக் குழந்தை தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனது. நான் ஓரமாகப் போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "அந்த அம்மாவுக்கு அன்னிக்கே இன்னும் நாலு போட்டிருந்தா சார்?"

"பொழைச்சிருக்கலாம். போட்டும் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மாதம் ஒன்று போயிருக்கும். அவள் கணவர் வந்தார். எங்கள் மருத்துவமனையில் பார்த்ததற்கு ஒரு சீட்டு வேண்டுமாம், எங்கோ கேட்கிறார்கள். பதிவேட்டைப் பார்த்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் அலமாரிப் பக்கம் சிஸ்டர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டார் அவள் கணவர். "அன்னிக்கு இங்க இருந்த மருந்து மொத்தமும் போட்டீங்க இல்ல?"

அவர் குரலில் சந்தேகம் இல்லை. ஆமாம் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"ஆமாண்ணா. இருந்ததெல்லாம் போட்டோம்."

பின்னால் துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"அது போதும் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூடுவாஞ்சேரி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். கேட் வரைக்கும் கூடப் போய்க் காட்டினேன். பஸ் வரும்வரை நின்றேன். ஏறும்போது திரும்பி என்னைக் கும்பிட்டார்.