கரும்புச் சக்கை தின்ற தேனீக்கள்

கொசுத்தேனீ வளர்க்கும் மஸ்தூராவின் தேனில் கரும்புச் சீனி இருப்பதாக ஆய்வுக்கூடம் அறிவித்தது. அதைப் படித்த கூட்டுறவுக் கடை மேலாளர் வான் ருஸ்டி, உறுப்பினர் கூட்டத்தில், "மஸ்தூரா சீனி கலக்கிறார்" என்று சொல்லி, அவருடைய பாட்டில்களைக் கடையிலிருந்து இறக்கிவிட்டார். டுங்குன் சந்தை முழுவதும் அதே பேச்சாயிற்று.

தாம் கலக்கவில்லை என்பதை மஸ்தூரா ஒருவரே அறிவார். அறிக்கையின் நகலோடு பேருந்தேறி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பரிசோதகர் சியூ லான் அவரை 'காக்', அதாவது அக்கா, என்று அழைத்து உட்காரச் சொன்னார்.

"நான் ஒரு கரண்டி சீனிகூடப் போடல, மிஸ்."

"நீங்க போட்டீங்கன்னு நான் எழுதவே இல்லையே, காக். இருக்குன்னுதான் எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. பூமரம் வளர்ற விதம் வேற, கரும்பு வளர்ற விதம் வேற. அந்த வித்தியாசம் சீனிக்குள்ள அப்படியே பதிஞ்சிருக்கும். கருவி அதைத்தான் காட்டுது. யார் கொண்டு வந்து போட்டாங்கன்னு அதுக்குத் தெரியாது. உங்க பெட்டியெல்லாம் எங்க இருக்கு?"

பாதி வீட்டு முற்றத்தில், பாதி ஆற்றுக்கு அக்கரையில் தம்பியின் பழத்தோட்டத்தில். இரண்டிடத்துத் தேனையும் மஸ்தூரா இதுவரை ஒரே வாளியில்தான் ஊற்றிவந்தார்.

"தனித்தனியா எடுத்துட்டு வாங்க" என்றார் சியூ லான்.

அக்கரைத் தேனில் குறையே இல்லை. வீட்டுத் தேனில் பாதிக்குப் பாதி கரும்பு.

முடிவு வந்த பிற்பகலில் மஸ்தூரா தம் வேலியோரம் நின்று, தேனீக்கள் பறந்து செல்லும் திசையைப் பார்த்தார். வேலிக்கு அப்பால், அவர் 'அபாங்', அதாவது அண்ணன், என்று அழைக்கும் ஜுசோவின் கரும்புச்சாறு வண்டி. அதன் பின்னே, பிழிந்த சக்கை குவியலாகக் கிடந்தது. சக்கையின் மேல் கறுப்புப் பொட்டுகளாக அவருடைய தேனீக்கள் மொய்த்திருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் சாறு கிடைக்கும்போது அவை பூவைத் தேடுவானேன்?

"அபாங் ஜுசோ, என் பேரைக் கெடுத்தது உங்க குப்பைதான்."

"என்னது? உன் பூச்சி என் சரக்கைத் திருடித் தின்னுருக்கு, பேரு கெட்டது உனக்கா? நியாயமாப் பார்த்தா நீதான் எனக்குப் பாக்கி."

"சக்கையை மூடி வைங்க."

"மூடுறேன். வண்டியில சிந்துற சாறை எப்படி மூடுறது?"

அவர் சொன்னதும் சரிதான். தேனீக்கள் கூடு திரும்பிய அந்தி வேளையில், மஸ்தூரா ஒவ்வொரு பெட்டியின் வாயையும் துணியால் அடைத்து, எல்லாவற்றையும் அக்கரைக்கு ஏற்றிச் சென்றார். பழைய இருப்பிலிருந்த தேனில் ஒரு துளிகூட விற்கவில்லை.

புதிய தேன் பரிசோதனையில் தேறியது. வான் ருஸ்டி தொலைபேசியில், "பாட்டிலைக் கொண்டாங்க, காக். பழசை விட்டுருவோம்" என்றார்.

"கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலதான் திருத்தணும். அதுக்கப்புறம் பாட்டில்."

அடுத்த கூட்டத்தில் வான் ருஸ்டி எழுந்தார். "மஸ்தூரா சீனி கலக்கல. அறிக்கையில இல்லாத வார்த்தையை நான் சொல்லிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்தக் கரும்புத் தேன் மிச்சம் இருக்கா, காக்? அதுதான் கொசுத்தேனுக்கே உள்ள புளிப்பில்லாம நல்லா இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. மஸ்தூரா சிரிக்கவில்லை.

"அது தேன் இல்ல" என்றார். "கொட்டிட்டேன்."