என் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்
சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் நான் தமிழ் சொல்லித்தரும் பள்ளியில், நான்கு வகுப்புப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்துக்காக ஓர் அறைக்கு வந்து சேர்வார்கள். எல்லாரும் வரும்வரை ஒரே கூச்சல். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் கத்தாமல் பலகையில் எழுதிப்போட்டேன்: "உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிப்பது நியாயமா?" முதலில் வந்தவர்கள் வாதாடத் தொடங்க, மற்றவர்கள் ஓடியே வந்தார்கள்! அன்றுமுதல் தினம் ஒரு கேள்வி.

மறுவாரம் எனக்குத் தாமதமாகிவிட்டது. கத்தத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். பலகையில் அவர்களே எழுதிய கேள்வி! ஒருத்தி பேச, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்.

"அது நடுவர் சீட், டீச்சர். பின்னாடி உட்காருங்க லா!" என்றான், எப்போதும் அதிகம் கத்துகிறவன்.

உட்கார்ந்தேன். பேச வாய்ப்புக் கேட்டுக் கையையும் தூக்கினேன்.