கண்ணை மூடி அடித்த கோல்

என் மகள் கால்பந்து பழகிய கோவிலம்பாக்கம் அகாடமிக்கு, மனப்பான்மையைச் சொல்லித்தர ஒருவர் மைக்கோடு வந்தார்.

"டேலண்ட்லாம் சும்மா. மைண்ட்செட் இருந்தா போதும். கண்ணை மூடிக்கிட்டு, கோல் போடுறதா நினைச்சுப் பாருங்க" என்றார்.

பயிற்சி நேரம் முழுக்கப் பெண்கள் தரையில் உட்கார்ந்தபடி கோல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பந்துகள் வலைப்பைக்குள் கிடந்தன.

அடுத்த வாரம் தாம்பரத்தில் நிஜமான ஆட்டம். எதிரணிப் பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினார்கள். எங்கள் வலைக்குள் ஆறு கோல் விழுந்தது. இடது காலுக்கு வந்த நல்ல பந்தை என் மகள் வெளியே அடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும், அங்கேயும் வந்திருந்த அந்த மைக்காரரிடமே போய்க் கேட்டாள்: "சார், லெஃப்ட் கால்ல எப்படி அடிக்கணும்னு சொல்லித் தர்றீங்களா?"

"அது நெகட்டிவ் திங்கிங்மா. உன்னால முடியும்னு நம்பு."

நம்பிக்கைக்கு அவளிடம் என்ன குறை? நம்பித்தானே அவ்வளவு பலமாக வெளியே அடித்தாள்! பெற்றோர் சிலர் அவருக்குக் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே அவளை அங்கிருந்து நிறுத்தினேன். இப்போது செம்பாக்கத்தில், கல்லூரி அணியில் ஆடும் ஒரு பெண்ணிடம் பழகுகிறாள். அந்தப் பெண் மனதைப் பற்றிப் பேசுவதே இல்லை. "முட்டி பந்துக்கு மேல வரணும். திரும்ப அடி" என்கிறாள். இடது கால் மெல்லப் பழகிவருகிறது.