குக்கர் மூடியில் ஒளித்த மஞ்சள் நூல்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று மூன்று ஊரில் எனக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. மூன்றையும் உண்டாக்கியது நான்தான். அஞ்சாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் என்று சொன்னால் கடைக்கு வருகிற டீச்சரம்மாக்கள் நம்ப மாட்டார்கள். நம்பும்வரை நானும் விட மாட்டேன். இன்றைக்கும் யாராவது குக்கர் கேட்டு வந்தால் வேலையாட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு மூடியை நானே கையில் எடுப்பேன். முதல் காரியமாக ரப்பர் வளையத்துக்கு அடியில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். கம்பெனிக்காரர்கள்கூட இதை ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லையென்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. சங்ககிரியில் இருந்தோம். வருஷக்கணக்கில் யாருக்கோ வண்டி ஓட்டிய அப்பா, அந்த வருஷம்தான் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தார். அதனால் அம்மாவுக்கு ஒரு பதவி வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் லாரி முதலாளி வீட்டுப் பெண்கள் மாதம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். ஆம்பளைகள் பம்பாய் லைன், கல்கத்தா லைன் என்று கிளம்பிப் போன வீட்டில் தனக்கு மட்டும் ஆக்கித் தனியாக உட்கார்ந்து தின்ன யாருக்குப் பிடிக்கும்? முறைச்சோறு என்று அதற்குப் பெயர். யாருடைய முறையோ அவர் வீட்டில் சமையல். புதிதாகச் சேர்ந்தவர் முதல் முறைக்குக் கறிச்சோறு போட்டே ஆக வேண்டும்.

அந்தப் பெண்களை நாங்கள் லாரிக் கணக்கில்தான் சொல்வோம். ஆறு லாரி அத்தை, நாலு லாரி அத்தை. டிரைவர் பெண்டாட்டியாக இருந்தவரைக்கும் அம்மாவை அவர்கள் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். இப்போது அவளும் ஒத்த லாரி அத்தை ஆகிவிட்டாள்.

அம்மாவின் முறை வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு விறகடுப்பு. பன்னிரண்டு பெண்களுக்குக் கிடாய்க்கறி வேக வைத்துப் பேர் வாங்குவது எப்படி என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சேலத்திலிருந்து குக்கர் விற்க ஓர் அக்கா வந்தார். எங்கள் தெருவில் அதுவரை ஒரு வீட்டிலும் குக்கர் கிடையாது.

“கறியும் மசாலும் உங்களுதுங்க. பாத்திரம், ஸ்டவ்வு, சமையல் எல்லாம் என்னுது. வர்றவங்க கண்ணு முன்னாடியே ஆக்கிக் காட்டறேன். அஞ்சு பேரு ஆர்டர் குடுத்தா உங்களுக்கு ஒரு குக்கர் சும்மா” என்றார். அம்மா அந்த இடத்திலேயே சரியென்று சொல்லிவிட்டாள்.

விருந்தன்று மத்தியானமே அந்த அக்கா வந்துவிட்டார். இரண்டு பேரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார்கள். வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறாராம். இவரை வேலைக்கு எடுத்த கம்பெனி, இத்தனை குக்கர் விற்றுக் காட்ட மூன்று மாதத் தவணை கொடுத்திருக்கிறதாம். “இன்னும் அஞ்சு பேரு வேணுமுங்க அக்கா. நாளான்னிக்குத் தவணை முடியுது. இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

எனக்கு வேறு கவலை. பொங்கலுக்குப் புதுப்பானை வைக்கும்போது கழுத்தில் மஞ்சள் கட்டாமல் அடுப்பில் ஏற்ற மாட்டோம். இந்தப் புதுப் பாத்திரத்துக்கு அம்மா ஒரு குங்குமப் பொட்டு வைத்ததோடு சரி. கேட்டதற்கு, “அது பொங்கப் பானைக்கு, அம்மிணி. அலுமினியத்துக்கு எவ கட்டுவா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் கட்டாத பாத்திரத்துக்கு அஞ்சு பேர் எப்படிச் சேரும்? அந்த அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் பூக்கட்டுகிற நூலை இரண்டு மடிப்பாக்கி, மஞ்சளைக் குழைத்து அதில் நன்றாகத் தேய்த்தேன். வெளியே கட்டினால் தெரிந்துவிடும். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு வளையம் உட்கார்ந்திருந்த பள்ளம் எனக்குப் பானையின் கழுத்து மாதிரியே இருந்தது. வளையத்தைத் தூக்கி, நூலை உள்ளே சுற்றி முடிச்சுப் போட்டு, மறுபடி அமுக்கி வைத்தேன். ஒன்பது வயதில் அப்படி ஒரு கைவேலை யாருக்கு வரும்?

பொழுது இறங்கும் நேரத்தில் எல்லாரும் வந்து கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஸ்டவ். நான் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். குக்கர் அக்கா தாளித்து, கறியைக் கொட்டி, மூடியைத் திருகி, “ஆறு விசிலுங்க. ஆறாவது விசிலுக்கு எலும்ப உட்டுக் கறி தானாக் கழண்டு வரும், பாருங்க” என்றார்.

ஒரு விசில்கூட வரவில்லை. மூடியைச் சுற்றிப் புஸ்ஸென்று ஆவி போனது. நாலு லாரி அத்தை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, பஞ்சர் பாக்காமயே வண்டிய எடுத்தாந்துட்டீங்களாட்ட இருக்குது?” என்றார். கூடமே சிரித்தது. “ஸ்டெப்னி இருக்குதான்னு கேளுங்க” என்றது இன்னொரு குரல். அதற்குள் விளிம்பு வழியாகச் சாறு தெறித்து, ஆறு லாரி அத்தையின் சந்தனக் கலர் பட்டுச்சேலையில் மஞ்சளாக நாலு சொட்டு விழுந்தது. சிரிப்பு நின்றுபோனது. அம்மா ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

அக்கா ஸ்டவ்வை அணைத்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றினார். தன் மடிக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு வளையத்துக்கு அடியில் விரலை விட்டார். மஞ்சள் நூல் ஒரு விரற்கடை வெளியே வந்தது. நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சொம்பை வாங்கி, மடக்மடக்கென்று குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது நூலைக் காணவில்லை. இடது கை மூடியிருந்தது.

“என் தப்புங்க. பேச்சு மும்முரத்துல வளையத்தச் சரியா மாட்டாம மூடிட்டேன்” என்றார்.

ஆறு லாரி அத்தை சேலையைத் துடைத்தபடி மெதுவாகத்தான் கேட்டார். “விக்க வந்த உனக்கே மாட்டத் தெரியலீன்னா, எங்குளுக்கு எப்பிடி அம்மிணி தெரியும்?”

அக்கா வளையத்தை அமுக்கி மாட்டினார். மறுபடி மூடியபோது விசில் வரிசையாக ஆறும் வந்தது, கறி பூவாக வெந்திருந்தது. இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். “ஒத்த லாரி ஊட்டுக் கறியாட்டம் நான் தின்னதே இல்ல” என்று ஆறு லாரி அத்தை வாய்விட்டுச் சொல்லி, அடுத்த மாதம் தன் வீட்டு முறைக்கு அம்மாவை முன்கூட்டியே வந்து மசால் அரைத்துக் கொடுக்கச் சொன்னார். ஆனால் ஆர்டர் நோட்டு கைக்குக் கை நகர்ந்ததே தவிர யாரும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் இரண்டு பேர் எழுதினார்கள். அம்மா எழுந்து வந்து நோட்டை வாங்கி, மூன்றாவதாகத் தன் பேரை எழுதினாள். சும்மா கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்து வாங்குகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எல்லாரும் போனபின் இரண்டு பேரும் பாத்திரம் கழுவினார்கள். “சொல்லியிருக்கலாமுங்க” என்றாள் அம்மா. “நான் நாளைக்குச் சேலத்துல இருப்பேனுங்க அக்கா. நீங்க இங்கதான இருக்கோணும்” என்றார் அவர். பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிட நானும் பை தூக்கிக்கொண்டு போனேன். “நீங்க பேசாம இருந்துட்டீங்க. நானா இருந்தா அஞ்சு பேரையும் எழுத வெச்சிருப்பேன்” என்றேன். “வெப்ப சாமி, வெப்ப” என்று சிரித்தார். பஸ் வந்ததும் இடுப்பில் செருகியிருந்த அந்த நூலை எடுத்து என் கையில் வைத்து மூடிவிட்டு ஏறிப்போனார். மஞ்சள் நூலைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, அதனால் பத்திரமாகக் கொடுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மாவின் குக்கரை அடுத்த மாதம் வேறு ஒரு ஆள் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்றைக்கு நான் வீடு திரும்பியதும் அம்மா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் இரண்டு கைகளையும் இழுத்து வைத்து அரப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் விரலில் ஏறியிருந்த மஞ்சள் போகவில்லை. அந்தக் கைகளால்தான் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுத்திருந்தேன். நான் செய்த காரியம் ஒருத்தருக்கும் தெரியாமல் போனதை நினைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, அம்மா தேய்த்து முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.