தமிழில் வேண்டாம் என்றவர்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காக நாங்கள் சிலர் ஓர் உதவி எண் நடத்துகிறோம். தாய்மொழியில் பேசினால்தான் மனசு திறக்கும் என்பது எங்கள் கொள்கை.

இன்று மதியம் தொம்மலூரில் என் வீட்டில் இருந்தபடியே ஓர் அழைப்பை எடுத்தேன். பேசியவர் இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்து வளைகுடாவுக்குப் போனவர். எடுத்ததுமே, "கன்னடதல்லி மாத்தாடலா மேடம்?" என்றார்.

"ஏன், தமிழ் வராதா?"

"நம்ம வீட்ல தமிழ்தான் மேடம். ஆனா ரூம்ல எல்லாருமே தமிழ் ஆளுங்க. நல்லவங்கதான். நான் இப்படி இருக்கேன்னு தெரிஞ்சா இன்னைக்கே எங்கம்மாவுக்கு போன் போட்டுடுவாங்க," என்று கன்னடத்திலேயே சொன்னார்.

மீதியையும் அப்படியே பேசினோம். தூக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கம்பெனி விஷயம் பேசுவது போலச் சாதாரணக் குரலில் சொன்னார். கன்னடம் தெரிந்த மனநல டாக்டரிடம் நாளை பேசவும் சம்மதித்தார்.

திடீரென்று தமிழுக்கு மாறினார். "சாப்டேம்மா. நல்லா இருக்கேன். நீ மாத்திரை போட்டியா?"

கன்னடம் தெரிந்த யாரோ பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று புரிந்தது.

"போட்டேன்பா," என்றேன். வேறென்ன சொல்ல?

இதை எழுதலாமா என்று பிறகு மெசேஜில் கேட்டேன். பெயர் போடாமல் எழுதலாம் என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்கிறானா? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்களா?